நடுமுன் பத்து நாட்கள்

கோவா, பூக்கோவா, நோக்கோல் நாற்றுகளை வெயிலுக்குப் பழக்கும் முறை

கோவாக் கன்றுகளைப் பின்னேரம் நட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மறுநாள் விடியற்காலை எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. மத்தியானம் துவளுகின்றன. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பத்துக்கு மூன்று நான்கு கன்றுகள் நிலத்தோடு ஒட்டிக் காய்ந்து கிடக்கின்றன. விதை சரியில்லை என்கிறோம். புது மண் ஒத்துவரவில்லை என்கிறோம். கண்ணூறு பட்டுவிட்டது என்று சொல்வாரும் உளர். பெரும்பாலும் பிழை இவை ஒன்றிலும் இல்லை. அந்தக் கன்றுகள் நாற்றுமேடையில் கழித்த கடைசிப் பத்து நாட்களில்தான் இருக்கிறது.

சொந்தக் காணியும் கிணறும் இருந்த காலத்தில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. மேடையில் மிஞ்சி நின்ற நாற்றைப் பிடுங்கிப் பட்டுப்போன இடங்களை நிரப்பினோம். 1990 இலும் 1995 இலும் 2009 இலும் ஊரை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களின் நிலை வேறு. சிலர் உறவினரின் வளவில் ஒரு மூலையைத் திருத்திப் பயிர் செய்கிறார்கள். சிலருக்குக் குத்தகைத் துண்டு. சிலருக்குப் பழைய தோட்டமே திரும்பக் கிடைத்திருக்கிறது, ஆனால் பற்றை மண்டி, கிணறு தூர்ந்துபோய்க் கிடைத்திருக்கிறது. விதைப் பைக்கற்றைக் கடனுக்கு வாங்கி, அயல் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் சுமப்பவருக்கு ஒவ்வொரு கன்றும் கணக்கு.

கணக்கையே பார்ப்போம். கோவா விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 250 முதல் 300 வரை இருக்கும். வரிசைக்கு வரிசை 50 சதமீற்றரும் கன்றுக்குக் கன்று 40 சதமீற்றரும் விட்டு நட்டால், பத்துப் பேர்ச் கொண்ட ஒரு பரப்புக்கு 1200 கன்றுகள் வரை தேவைப்படும். முளைப்பும் பிழைப்பும் நன்றாக இருந்தால் ஐந்தாறு கிராம் விதை போதும். மூன்றிலொன்று பட்டுப்போனால் மீண்டும் விதை வேண்டும், மீண்டும் மூன்று நாலு கிழமை காத்திருக்க வேண்டும். பின்னால் நட்டவை பின்னால்தான் முற்றும். ஒரே நாளில் வெட்டி ஏற்ற வரும் வியாபாரி பாதித் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கத்தரி, மிளகாய், வெண்டி என்றால் நல்ல காயாகப் பார்த்து முற்றவிட்டு அடுத்த போகத்துக்கு விதை எடுக்கலாம். கோவா அப்படியல்ல. அது பூத்து விதை கொடுப்பதற்கு நீண்ட குளிர் வேண்டும். நம் பகுதியின் வெப்பத்தில் கோவா கட்டுமே தவிரப் பூக்காது. அதனால் அதன் விதை வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு போகத்துக்கும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பழக்குதல் என்றால் என்ன?

பாடப்புத்தகங்கள் இதனை வன்மைப்படுத்தல் என்கின்றன. மேடையில் நிழலிலும் ஈரத்திலும் வளர்ந்த நாற்றைத் தோட்டத்தில் நடுவதற்கு முன், எட்டுப் பத்து நாட்களில் சிறிது சிறிதாக வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் பழக்கி எடுப்பதே அது. இதற்குக் காசு செலவில்லை. கவனம் மட்டுமே செலவு.

நிழலில் நின்று இருவேளையும் தண்ணீர் குடித்த நாற்றின் இலை அகன்று, மெல்லியதாய், வெளிர்பச்சையாய் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இலையிலிருந்து தண்ணீர் விரைவாக ஆவியாகிப் போகும். கைக்கெட்டிய இடத்தில் ஈரம் இருந்ததால் வேரும் தேடி ஓடியிருக்காது. அதைப் பிடுங்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்து மேடையிலேயே தங்கிவிடுகின்றன. அகன்ற இலை கேட்கும் தண்ணீரை அறுந்த வேர் கொடுக்க முடியாது. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பம் போன்றது அதன் நிலை. மூன்றாம் நாள் காய்கிறது.

தண்ணீரைச் சற்றுக் குறைத்து வெயிலைச் சற்றுக் கூட்டினால் நாற்று தன் வளர்ச்சியை மெதுவாக்கிக்கொள்கிறது. ஆனால் இலை உணவு தயாரிப்பதை நிறுத்துவதில்லை. வளர்ச்சிக்குச் செலவாகாத உணவு தண்டிலும் இலையிலும் சேமிப்பாகத் தங்குகிறது. நட்டபின் புது வேர் விடுவதற்கு அந்தச் சேமிப்பே உதவுகிறது. இலையின் மேற்றோல் தடிக்கிறது. அதன்மேல் மெழுகுப் படலம் கூடுகிறது. பழகிய கோவா நாற்றின் இலை சாம்பல் பூசியதுபோல நீலப்பச்சையாக இருக்கும். அதில் தண்ணீர் தெளித்தால் சேம்பிலையில் விழுந்ததுபோல முத்து முத்தாக உருண்டு ஓடும். தண்டின் அடியில் இலேசான ஊதா நிறம் தெரியும். நாற்று விரலுக்கு விறைப்பாக இருக்கும், ஆனால் வளைத்தால் முறியாது.

இந்த மெழுகு கோவாவுக்குப் பிறவிக் குணம். ஐரோப்பாவின் கடலோரப் பாறைகளில் உப்புக்காற்றுக்கு நின்று பிடித்த காட்டுச் செடியின் வழித்தோன்றலே கோவா. பூக்கோவாவும் நோக்கோலும் புறோக்கொலியும் அதே இனத்தின் வேறு வேறு உருவங்கள்தான். போர்த்துக்கேயரின் சொல்லிலிருந்து கோவா என்றும், ஒல்லாந்தரின் சொல்லிலிருந்து நோக்கோல் என்றும் பெயர் வந்தது; கப்பலில் வந்த பயிர்கள் என்பதைப் பெயரே சொல்கிறது. காற்றைத் தாங்கும் குணம் அதற்குள் இருக்கிறது. நாம் நிழலில் வைத்திருந்தால் அது வெளியே வருவதில்லை.

மலையில் ஒரு முறை, கீழே வேறு முறை

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. லயத்துத் தோட்டத்தில் கோவா போட்ட கைப்பழக்கம் அவர்களிடம் உண்டு. அது நல்ல மூலதனம். ஆனால் ஆறாயிரம் அடிக்கு மேலேயிருக்கும் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியது. அங்கே மூடுபனியும் தூறலும் நட்ட கன்றைத் தாங்கிக்கொள்ளும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மார்கழி, தை மாதங்களிற்கூடச் சராசரி 25 பாகையளவில் நிற்கிறது. மழை விட்ட மத்தியான வெயில் உச்சந்தலையில் சுடுகிறது. அங்கே இரண்டு மூன்று நாள் பழக்கி நட்டதை இங்கே எட்டுப் பத்து நாள் பழக்கித்தான் நட வேண்டும்.

குளிர்நாடுகளிலிருந்து வரும் தோட்டக்கலை நூல்களைப் படிக்கும் இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்நூல்களில் பழக்குதல் என்பது உறைபனிக்குப் பழக்குதல். கண்ணாடிப் பெட்டியைப் பகலில் திறந்து இரவில் மூடச் சொல்வார்கள். நமக்கு எதிரி இரவல்ல, மத்தியானம். ஆகவே நாம் செய்வது அதற்கு நேர்மாறு: இரவில் திறந்து மத்தியானத்தில் மூடுகிறோம்.

மேடை

மேடை போடுவதைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை, பெரும்பாலோர் அறிந்தது. ஒரு மீற்றர் அகலம், ஆறு அங்குல உயரம், நன்கு உக்கிய கூட்டெரு. வைக்கோலையும் உமியையும் அடுக்கி மேடையின்மேல் மெதுவாக எரித்தால் நாற்றழுகல் நோயின் கிருமி குறையும். வரிசைகளுக்கிடையே நான்கு அங்குலம் விட்டு, அரை அங்குல ஆழத்துக்கு மேற்படாமல், ஐதாக விதையுங்கள். நெருக்கமாக விதைத்த மேடையில் எவ்வளவுதான் பழக்கினாலும் நாற்று நூல்போலத்தான் வரும். அப்படி வந்துவிட்டால் இரண்டு உண்மை இலை விடும் முன்பே ஐதாக்கிவிடுங்கள்.

முளைத்தவுடன் கிடுகை மேடையோடு ஒட்டி வைக்காமல் இரண்டடி உயரப் பந்தலாக மாற்றுங்கள். பலர் அந்தப் பந்தலை நடும் நாள்வரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் மேலே சொன்ன மூன்றாம் நாள் சாவு தொடங்குகிறது.

பத்து நாள்

நாற்றுக்கு 18 முதல் 20 நாள் ஆகி, மூன்று உண்மை இலை விட்டிருக்கும்போது தொடங்குங்கள். நான்கைந்து இலையோடு 28 அல்லது 30 ஆவது நாள் நடலாம்.

முதல் இரண்டு நாள் விடியற்காலையில் கிடுகை எடுத்துவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்ப மூடுங்கள். பின்னேரம் நான்கு மணிக்கு மீண்டும் திறவுங்கள். மழை இல்லாவிட்டால் இரவு முழுவதும் திறந்தே இருக்கட்டும். பனி படுவது நல்லது. மூன்றாம் நான்காம் நாட்களில் காலை பத்தரை மணிவரை விடலாம், பின்னேரம் மூன்று மணிக்கே திறக்கலாம். ஐந்தாம் ஆறாம் நாட்களில் உச்சி வெயில் நேரமான பன்னிரண்டு முதல் இரண்டு வரை மட்டும் மூடினால் போதும். அதுவும் முழுக் கிடுகாக இல்லாமல், வெயில் புள்ளி புள்ளியாக விழும்படி ஓலைகளை ஐதாகப் பரப்புங்கள். ஏழாம் நாளிலிருந்து பந்தலே வேண்டாம். கடைசி மூன்று நாளாவது நாற்று முழு வெயிலில் நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்காத நாற்றைப் பழகியது என்று சொல்ல முடியாது.

வெயிலை எல்லாரும் நினைக்கிறார்கள், காற்றை மறந்துவிடுகிறார்கள். ஆடு, கோழிக்குப் பயந்து மேடையைச் சுற்றி உரப்பைகளைக் கட்டி மறைத்திருப்போம். மேலே கிடுகை எடுத்தும் பக்க மறைப்பை எடுக்காவிட்டால் நாற்று காற்று அறியாமலே வளரும். மார்கழி வாடைக்காற்றில் திறந்த தோட்டத்தில் நட்டவுடன் கழுத்து ஆடி ஆடி நொந்துபோகும். ஐந்தாம் நாளளவில் பக்க மறைப்பையும் எடுத்துவிட்டு, ஆட்டுக்கு முட்கம்பு அல்லது பழைய வலையால் அடைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர். இதிலேதான் கை கூசும். இதுவரை காலையும் பின்னேரமும் ஊற்றியிருந்தால், முதல் மூன்று நாள் காலையில் மட்டும் ஊற்றுங்கள். பின்னேரத்துத் தண்ணீரை நிறுத்துவதால் இலை இரவில் உலர்ந்திருக்கும். அழுகல் நோயும் குறையும். அதன்பின் ஒன்றுவிட்டு ஒரு நாள். கடைசி மூன்று நாளில் நாற்று கேட்டால் மட்டும்.

நாற்று எப்படிக் கேட்கும்? மத்தியானம் இலை சற்றுத் தொங்கி, பின்னேரம் ஐந்து மணிக்குள் தானாக நிமிர்ந்தால் அது தாகம் அல்ல, பழகுகிறது. தண்ணீர் வேண்டாம். பொழுதுபட்டும் நிமிராவிட்டால் மறுநாள் காலையில் ஊற்றுங்கள். விடியற்காலையிலேயே தொங்கிக்கொண்டு நின்றால் நாம் எல்லை தாண்டிவிட்டோம். அப்போதே, நேரம் பாராமல் ஊற்ற வேண்டும். மண்ணையும் விரலால் பாருங்கள். சுட்டுவிரலின் முதல் கணு அளவுக்கு மண் காய்ந்தும் அதன் கீழே ஈரம் ஒட்டியும் இருந்தால் சரியான அளவு. ஈரம் கீழே இருப்பதால் வேர் அதைத் தேடி இறங்கும். மணல் நிலத்தில் மேடை போட்டவர்கள் இந்தச் சோதனையைக் காலை, பின்னேரம் இருவேளையும் செய்ய வேண்டும். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் பழகிய கைக்கு வடமராட்சி கிழக்கு மணல் எவ்வளவு விரைவில் காயும் என்பது முதலில் பிடிபடாது.

இந்தப் பத்து நாளும் யூரியா வேண்டாம். யூரியா போட்ட நாற்று மறுபடி மெல்லிய இலை விடும். செய்த வேலை வீணாகும். நாற்று மஞ்சளாக இருக்கிறது என்று நடுவதற்கு இரண்டு நாளுக்கு முன் யூரியாக் கரைசல் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தோற்றத்துக்காகச் செய்வது அது. நாற்றை விற்பவருக்கு உதவலாம், நடுபவருக்கு உதவாது.

மூன்றாம் அல்லது நான்காம் நாள் ஒரு சிறு வேலை செய்தால் பலன் அதிகம். கூரான கத்தியால் வரிசைகளுக்கு நடுவே மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு நேராகக் கீறிவிடுங்கள். முடிந்தால் கன்றுகளுக்கு இடையிலும் குறுக்கே கீறுங்கள். பக்கத்துக்கு ஓடிய வேர் அறுபட்டு, அடுத்த ஐந்தாறு நாளில் கன்றின் அடியிலேயே சிறு வேர்கள் கொத்தாக வரும். பிடுங்கும்போது கன்று மண்கட்டியோடு எழும்பும். கீறிய அன்று மட்டும் சிறிது தண்ணீர் ஊற்றி, வழமையைவிட ஒரு மணி நேரம் முன்பாக நிழல் கொடுங்கள்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது

காலபோகத்துக் கோவாவுக்கு இதுதான் பெரிய தலையிடி. நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடுகிறது. கோவா நாற்று மேடையில் நிற்கும் காலமும் அதுவே. வானம் ஊற்றும்போது தண்ணீரைக் குறைப்பது எப்படி?

மேடைக்கு மேலே பூவரசந் தடி அல்லது மூங்கிற் கீற்றுகளை வில்லாக வளைத்து ஊன்றி, அதன்மேல் வெளிச்சம் புகக்கூடிய பொலித்தீனைப் போடலாம். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம். பொலித்தீனின் ஓரம் நிலத்துக்கு ஒரு அடி மேலே நிற்கட்டும். இரு பக்கமும் காற்று ஓட வேண்டும். மழை வரும்போது போட்டு, விட்டவுடன் சுருட்டிவிட வேண்டும். வெயில் வந்தபின்னும் மூடியிருந்தால் உள்ளே நாற்று அவிந்துவிடும். எனவே வீட்டில் ஆள் இருக்கும் இடத்துக்கு அருகே மேடை இருப்பது நல்லது. தோட்டம் தூரமானால் மேடையை வளவிலேயே போடுங்கள். மேடையைச் சுற்றி ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டி வெள்ளத்தை வெளியே விடுங்கள். குளத்துக்குக் கீழ்ப்பட்ட வன்னிக் காணிகளில் மேல் மழையை மறைத்தாலும் கீழிருந்து ஊற்று ஏறும். அங்கே மேடையை ஒரு அடி உயரமாகப் போடுவது புத்தி.

அடுத்தது, நாட்களை எண்ணும் முறை. பத்து நாள் என்று நான் எழுதியது வெயில் எறிக்கும் பத்து நாள். மப்பு மூடிய நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிடுகை எடுத்துவிட்டோம், எட்டு நாளாயிற்று என்று நினைப்போம். அதில் ஐந்து நாள் சூரியனே தெரியாதிருந்தால் நாற்றுக்கு மூன்று நாள் பழக்கந்தான் கிடைத்திருக்கிறது. நான்கைந்து நாள் அடைமழைக்குப் பின் திடீரென வெளிக்கும் முதல் நாள் மிகவும் ஆபத்தானது. அன்று மத்தியானம், பழகிய நாற்றானாலும், ஐதான நிழல் கொடுங்கள்; மறுநாள் எடுத்துவிடலாம்.

காணி உறுதியில்லாதவர்கள்

நாற்று ஆயத்தம், நிலம் ஆயத்தமில்லை. இது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கே உரிய சிக்கல். உழவு இயந்திரம் சொன்ன நாளில் வராது. குத்தகை பேசியவர் மனம் மாறுவார். காணியைத் துப்புரவாக்க அனுமதி தாமதிக்கும். இப்படிப்பட்டவர்கள் நாற்றை மேடையில் வைத்திருப்பதைவிடச் சிறு பைகளில் வைத்திருப்பது மேல். பால்மாப் பைக்கற், யோகட் கப், பத்திரிகைத் தாளைப் போத்தலில் சுற்றிச் செய்த குழாய், பனையோலையில் இழைத்த சிறு பெட்டி, எதுவும் ஆகும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருந்தால் சரி. இரண்டு உண்மை இலை விட்ட நாற்றை அதில் மாற்றி, மூன்று நாலு நாள் நிழலில் வைத்து நிமிர்ந்தபின், மேலே சொன்ன அதே முறையில் பழக்குங்கள். கிடுகை எடுத்து மூடுவதற்குப் பதிலாகப் பைகளையே வெயிலுக்கு வைத்து எடுக்கலாம், பிள்ளைகளும் செய்வார்கள்.

பையில் வளர்ந்த நாற்றின் வேர் நடும்போது அறுபடாது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக நேர்ந்தால் கடகத்தில் அடுக்கித் தூக்கிக்கொண்டும் போகலாம். ஆனால் பையிலுள்ள ஒரு பிடி மண் மிக விரைவாகக் காயும். மேடை நாற்றுக்குச் சொன்ன ஒன்றுவிட்டு ஒரு நாள் என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது. கடைசி நாட்களிலும் தினமும் காலையில் ஒரு சிறு அளவு ஊற்ற வேண்டிவரும். வெயில் படும் பக்கத்துப் பை சூடேறினால் அந்தப் பக்க வேர் வெந்துபோகும். பைகளை நெருக்கி அடுக்கி, வெளி வரிசையைச் சுற்றி மண் அணையுங்கள் அல்லது ஈரச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். ரக்ரரிலோ லான்ட்மாஸ்ரரிலோ கொண்டுபோகும்போது ஓட்டக் காற்று நாற்றைக் காயவைத்துவிடும். மேலே ஈரச் சாக்கைத் தொய்வாகப் போடுங்கள். போய்ச் சேர்ந்த அன்றே நடாமல் ஒரு நாள் நிழலில் வைத்து நடுவது நல்லது.

காணி எந்த நாள் கிடைக்கும் என்று தெரியாதபோது விதை முழுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். பாதியை இன்றும் மீதியைப் பன்னிரண்டு நாள் கழித்தும் விதைத்தால், முதல் தொகுதி பிந்திப்போனாலும் இரண்டாவது கைகொடுக்கும். திறந்த விதைப் பைக்கற்றை நன்றாக மடித்து, காற்றுப் புகாத போத்தலில் போட்டு, வெப்பம் படாத இடத்தில் வையுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால்

தண்ணீரைக் குறைக்கச் சொன்னதும் சிலர் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். நிலம் ஆயத்தமாகும்வரை நாற்றை வாட்டி நிறுத்தி வைக்கலாம் என்றும் நினைக்கிறார்கள். அது தவறு. பழக்குதல் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் தண்டு கம்பிபோல மரத்து, அடியிலைகள் மஞ்சளும் ஊதாவுமாகி, குருத்து இறுகிப்போகும். அப்படிப்பட்ட கன்று நட்டால் சாகாது. ஆனால் மீண்டும் வளர்ச்சி பிடிக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும்; சிலது கடைசிவரை நன்றாகக் கட்டாது.

கோவா ஓரளவு பொறுக்கும். பூக்கோவா பொறுக்காது. மேடையில் வாடி, வயதேறிய பூக்கோவா நாற்று, நட்டுச் சில நாட்களிலேயே தேசிக்காய் அளவில் பூ வைத்துவிடும். அதற்குமேல் அது பெருக்காது. நோக்கோல் கிழங்கு நாராகி மரத்துப்போகும். ஆகவே பூக்கோவாவை ஐந்து முதல் ஏழு நாளே பழக்குங்கள். அதிலும் வெயிலுக்கே பழக்குங்கள், தண்ணீரில் அதிகம் கை வைக்காதீர்கள்.

நடும் நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது? பழக்குதலை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் அளவாகத் தண்ணீர் கொடுத்து, மத்தியானத்துக்கு மட்டும் ஐதான நிழல் விட்டு, ஐந்து நாளுக்கு ஒருமுறை வடித்த கூட்டெருக் கரைசல் ஊற்றி வாருங்கள். நடும் நாள் நிச்சயமானதும் கடைசி நான்கு நாள் மீண்டும் முழு வெயில். இப்படி ஒரு கிழமை, பத்து நாள் சமாளிக்கலாம். ஆறு கிழமை தாண்டிய நாற்றை நடுவதைவிட இரண்டாம் தொகுதிக்குக் காத்திருப்பதே இலாபம்.

பிடுங்குமுன் பார்க்க வேண்டியவை

பழக்கும் நாட்களில் மேடையருகே தினமும் நிற்கிறோம். அந்த நேரத்தில் இலையைப் புரட்டிப் பாருங்கள். தொட்டவுடன் நெளிந்து நூலில் தொங்கும் சிறு பச்சைப் புழு இருந்தால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. மேடையில் பத்துப் புழுவை நசுக்குவது, தோட்டத்தில் பத்துத் தடவை மருந்தடிப்பதைவிட இலேசு. பழைய நுளம்பு வலை கிடைத்தால் பொழுதுபடும் நேரத்திலிருந்து மேடையை மூடிவிடுங்கள். அந்து அப்போதுதான் பறந்து முட்டையிடும். வலை வெயிலையோ காற்றையோ அதிகம் தடுக்காது.

நடுக்குருத்து இல்லாத நாற்றுகளைக் கண்டால் எறியுங்கள். புழு குருத்தைத் தின்றிருக்கும். இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அது கோவா கட்டாது. பசளையையும் தண்ணீரையும் தின்றுகொண்டு கடைசிவரை நிற்கும். அடித்தண்டு கறுத்து நூலாய் மெலிந்தவையும் வேண்டாம். மலைநாட்டிலிருந்து நாற்று வாங்குவோர் வேரைப் பாருங்கள். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது மண்ணில் பல ஆண்டுகள் தங்கும் நோய். அந்த நாற்றைப் புதுக் காணிக்குள் கொண்டுபோகவே கூடாது.

நடும் நாளும் அடுத்த கிழமையும்

நடும் நாளன்று, பிடுங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மேடைக்கு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். இத்தனை நாள் குறைத்துவிட்டு இப்போது ஏன் என்று கேட்கலாம். பழகிய இலை இனி வீணாக இழக்காது. எனவே பயணத்துக்கு முன் வயிறு நிறையக் குடிக்க விடுகிறோம். மண்ணும் இளகி, வேர் அறாமல் வரும். தண்டைப் பிடித்து இழுக்காமல், தட்டைக் கம்பால் அடியோடு கெல்லி, மண்ணோடு எடுங்கள். ஒரு தடவையில் அரை மணி நேரத்தில் நடக்கூடிய அளவை மட்டும் எடுத்து, ஈரச் சாக்கின்கீழ் வையுங்கள்.

பின்னேரம் நான்கு மணிக்குப் பின் நடுங்கள். முதல் இலைக் காம்பின் அடிவரை மண் வரலாம். குருத்துக்குள் மண் விழக்கூடாது. விரல்களால் வேரைச் சுற்றி அழுத்தி, கன்றுக்கு அரைப் பேணித் தண்ணீர் உடனே ஊற்றுங்கள். நன்றாக அழுத்தியிருந்தால், ஓர் இலையைப் பிடித்து மெல்ல இழுக்கும்போது இலைதான் கிழியும், கன்று வராது.

பழகிய கன்றுக்கு முழு நிழல் தேவையில்லை. வாழைத்தடல் துண்டையோ பூவரசங் கொப்பையோ மேற்குப் பக்கத்தில் சாய்த்துக் குத்திவிட்டால் பின்னேர வெயிலுக்குப் போதும். இரண்டு நாளில் எடுத்துவிடலாம். முதல் நான்கு நாள் காலையும் பின்னேரமும் அடியில் மட்டும் ஊற்றுங்கள். பிறகு காலையில் ஒருமுறை. தண்ணீர் சுமப்பவர்கள் கன்றைச் சுற்றி வைக்கோல் அல்லது காய்ந்த இலைச் சருகு பரப்பினால் பாதிச் சுமை குறையும். ஆனால் சருகு தண்டைத் தொடாமல் இரண்டு விரல் விலகி இருக்கட்டும். அதன்கீழ் வெட்டுப்புழு ஒளிந்திருந்து இரவில் தண்டை அறுக்கும். காலையில் அறுந்து கிடக்கும் கன்றின் அடியில் ஒரு அங்குலம் கிளறினால் சுருண்டு கிடக்கும் புழு அகப்படும். மழைநாட்களில் பெரிய ஆபிரிக்க நத்தைகளையும் இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்க வேண்டும்.

மேடையில் பத்திலொரு பங்கு நாற்றை மிச்சம் வையுங்கள். நட்டு ஒரு கிழமைக்குள் பட்டுப்போன இடங்களை அதைக்கொண்டு நிரப்புங்கள். ஒரு கிழமைக்குப் பின் நிரப்பினால் பக்கத்துக் கன்றுகளின் நிழலில் அது எழும்பாது. அந்த இடத்தில் ஒரு பிடி கீரை விதையைத் தூவிவிடலாம். நடுவில் புது இலை ஒன்று விரிந்தால் வேர் பிடித்துவிட்டது. முதல் மேற்கட்டுப் பசளையை அதன்பின்தான் போட வேண்டும், பெரும்பாலும் நட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளில். உங்கள் மண்ணுக்கான அளவைப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.